வெர்னா போடாத கையெழுத்து

ஓட்டர் பெண்ட், அலாஸ்கா
12 அக்டோபர் 1996

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

நோரீன் எழுதுகிறேன். இங்கே நானும் டெல்லாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆற்றோரத்தில் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. விறகு போதுமான அளவு இருக்கிறது.

முதலில் நன்றி. நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறையைத்தான் தபால் விமானத்தில் சரக்கு இறக்க ஓடும்போதெல்லாம் போடுகிறேன். ஆர்லோ போய் இந்த ஆகஸ்டோடு ஒரு வருஷம் ஆயிற்று. இந்த ஒரு வருஷத்தில் மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் போட்டவர் நீங்கள் ஒருவர்தான். தம்பியே போனபிறகு தம்பி மனைவியை யார் நினைக்கிறார்கள்? நீங்கள் நினைத்தீர்கள். ஃபோனில் பேசினால் நான் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவேன். எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

இப்போது ஒரு உதவி. டெல்லா தீர்மானம் செய்துவிட்டாள். பெத்தல் ஊரில் தபால் ஏற்றும் விமானக் கம்பெனியில் அவளுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்களாம். மே முதல் தேதிக்குள் மேகத்துக்குள் பறக்கும் தகுதிக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட வேண்டும். தேறினால் மீதிப் பயிற்சியை அவர்களே கொடுப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது என்று அவள் எனக்கு விளக்கினாள். எனக்கு விளக்க வேண்டுமா என்ன. அவள் அப்பா அந்தத் தகுதி இல்லாமல்தானே மேகத்துக்குள் போனார்.

நான் தடுக்கவில்லை அண்ணி. இந்த ஊரில் மருந்தும் மாவும் மேலேயிருந்துதான் வருகின்றன. யாராவது ஓட்டத்தான் வேண்டும். அவள் சரியாகப் படித்துவிட்டு ஓட்டட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பக்கத்தில் வகுப்பு கிடையாது. வீட்டிலிருந்தே படிக்கிற படிப்பு மூன்று வகை இருக்கிறதாம். ஒன்று வீடியோ கேசட்டுகள், கூடவே எழுதிப் பழகும் நோட்டு. இன்னொன்று கம்ப்யூட்டரில் போட்டுப் படிக்கிற தட்டு. மூன்றாவது, ஆர்லோ படித்த அதே தடிப்புத்தகம், புதிய பதிப்பு. டெல்லாவுக்குப் புத்தகம்தான் வேண்டுமாம். "அப்பா மூணே வாரத்துல தொண்ணூத்தஞ்சு வாங்கினாரும்மா" என்கிறாள்.

நான் எட்டாவதுக்கு மேல் போகாதவள். நீங்கள் இருபது வருஷம் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, ஏறுவதற்கு முன் வகுப்பில் படிக்க வேண்டிய தரைப்பாடம் எடுத்தவர். எந்தப் படிப்பு என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நோரீன்


சலைனா, கான்சாஸ்
3 நவம்பர் 1996

அன்புள்ள நோரீன்,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. என் முழங்கால் மழைக்கு முந்தின நாளே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது, வானொலி தேவையில்லை. கோதுமை விதைத்து முடிந்துவிட்டது. தேவாலயத்தில் அறுவடை விருந்துக்கு நான் பூசணி இனிப்புப் பை ஆறு சுட்டேன். ஐந்து போயிற்று. ஆறாவது கொஞ்சம் கருகியது, அதை நானே சாப்பிட்டேன்.

நீ அனுப்பிய புகைபோட்ட சால்மன் மீன் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஹெர்ஷலுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் என் வாசல் இலைகளை அவராகவே வந்து பெருக்குகிறார். உனக்குத்தான் நன்றி.

குளிருக்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடு. டெல்லாவுக்கு என் அன்பு.

வெர்னா


ஓட்டர் பெண்ட்
20 நவம்பர் 1996

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

சுகம். உங்கள் சுகம் வேண்டுகிறேன். மீன் பிடித்திருந்தது என்று படித்து மனம் குளிர்ந்தது. ஹெர்ஷலுக்கு இன்னொரு துண்டு கொடுங்கள், பனியையும் அள்ளிவிடுவார்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல் நானே மூன்றையும் பார்த்தேன்.

கேசட் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு மனிதர் வெள்ளைவெளேரென்று பல் தெரியச் சிரித்துக்கொண்டே மனிதர்கள் எப்படியெல்லாம் செத்தார்கள் என்று சொல்கிறார். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்கிறார். டெல்லாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எனக்கு மூன்றாவது தடவையில் கொஞ்சம் புரிந்தது. மேகத்துக்குள் போனால் காதுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று பொய் சொல்லுமாம். நேராகப் போகும்போதே திரும்புகிற மாதிரி தோன்றுமாம். அதோடு கேசட்டை நிறுத்திவிட்டேன்.

கம்ப்யூட்டர் தட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அது பாதியில் நின்றுவிட்டது. வாத்தியார் அதை இரண்டு தட்டு தட்டினார். பிறகு எங்களைத் தட்டாத குறையாக வெளியே அனுப்பினார்.

பிறகு ஆர்லோவின் பழைய புத்தகம். தேர்வில் வரக்கூடிய கேள்விகள் எல்லாம் இருக்கின்றன, பதிலும் இருக்கிறது. நான் ஒரு காரியம் செய்தேன் அண்ணி, சிரிக்காதீர்கள். ஒரு வாரம் மாவு பிசையும்போதெல்லாம் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். வேகம் காட்டும் கருவியின் குழாயில் பனி அடைத்துக்கொண்டால் மேலே ஏறும்போது முள் என்ன காட்டும் என்று ஒரு கேள்வி. 'அடைத்து' என்று வந்தால் மூன்றாவது பதில் என்று வைத்துக்கொண்டேன். இப்படி நாற்பது கேள்வி. டெல்லாவைக் கேட்கச் சொன்னேன். முப்பத்தாறு சரி.

"அம்மா, நீங்க பாஸ்" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழாய் விமானத்தில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எட்டாவது படித்த நானே மாவு பிசைந்துகொண்டு தேறுகிறேன் என்றால் அது என்ன படிப்பு? நீங்களே சொல்லுங்கள்.

பதில் போடுங்கள் அண்ணி. டெல்லா புத்தகத்துக்கு ஆர்டர் எழுதி வைத்துவிட்டாள். தபால்பை என் கையால்தான் போகிறது. அதை இன்னும் உள்ளே போடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நோரீன்


சலைனா
15 டிசம்பர் 1996

அன்புள்ள நோரீன்,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பண்டிகைக்கு ஒரு பொட்டலம் தனியாக வருகிறது.

புத்தகத்தை வாங்காதே. கேசட்டுகளை வாங்கு, நோட்டோடு சேர்த்து. மெதுவாகத்தான் போகும், அது நல்லது. ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் அவள் உனக்கு விளக்கிச் சொல்லட்டும். உனக்குப் புரிந்தால் அவளுக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷத்தில் நான் சொன்ன எல்லாவற்றையும்விட நீ மாவு பிசைந்து கண்டுபிடித்தது பெரியது.

வீட்டிலிருந்து படிப்பவர்கள், படிப்பை முடித்தார்கள், தேர்வுக்குத் தயார் என்று ஒரு ஆசிரியரின் கையெழுத்து வாங்கினால்தான் தேர்வு எழுத முடியும். அதற்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். பெத்தலில் இருப்பார்கள். என் கண் முன்போல் இல்லை. நான் இப்போது யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

வெர்னா


ஓட்டர் பெண்ட்
8 ஜனவரி 1997

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பண்டிகைக்கு முன்னால் பதினோரு நாள் மேகம் தரையோடு படுத்துக்கிடந்தது, தபால் விமானம் வரவில்லை. வந்ததும் உங்கள் கடிதமும் பொட்டலமும் ஒன்றாகக் கிடைத்தன. பீச் ஜாம் ஒரு பாட்டில்கூட உடையவில்லை. உங்களுக்கு எத்தனை நன்றி சொல்ல. டெல்லா கரண்டியாலேயே சாப்பிடுகிறாள்.

அன்றே ஃபோனில் சொல்லிவைத்த கேசட்டுகளும் வந்துவிட்டன. டெல்லா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "வெர்னா அத்தைக்கு என்ன, ரிட்டயர் ஆனவங்க, நேரம் நிறைய இருக்கு" என்றாள். மூன்றாம் நாள் தானாகவே உட்கார்ந்தாள். இப்போது தினமும் சாப்பாட்டு மேஜையில் எனக்குப் பாடம் நடக்கிறது. உப்புப் புட்டிதான் விமானம், ரொட்டிப் பெட்டிதான் மலை. எனக்குப் புரியாவிட்டால் தலையாட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். "அம்மாவுக்குத் தலையாட்டத் தெரியாது" என்று கடுப்பாகிறாள், ஆனால் மறுபடி சொல்கிறாள்.

இன்னொன்று அண்ணி. உங்கள் கண் பலவீனம் என்று எழுதியிருந்தீர்கள். உறையில் எங்கள் முகவரியைக் கடுகு மாதிரி பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

ஆர்லோ பறந்த நேரம் குறிக்கிற நோட்டு என்னிடம் இருக்கிறது. மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்திருக்கிறேன், டெல்லா பார்த்ததில்லை. 1987-ஆம் வருஷப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தோடு ஒரு தொலைநகல் காகிதம் ஒட்டியிருக்கிறது. படிப்பை முடித்தார், தேர்வுக்குத் தயார் என்று. அடக்கத்துக்கு முந்தின நாளே பார்த்துவிட்டேன். நீங்கள் அடக்கம் முடிந்ததும் சாப்பிடாமல் அடுத்த விமானத்திலேயே போனீர்கள். அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் உங்கள் காலுறையைப் போட்டிருக்க மாட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால் ஜாம் எப்படிச் செய்வது என்று எழுதுங்கள், அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

அன்புடன்,
நோரீன்


ஓட்டர் பெண்ட்
10 பிப்ரவரி 1997

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

சுகம். மைனஸ் முப்பத்தைந்து. இந்த ஒரு மாதத்தில் விமானம் நாலு தடவை வந்தது, உங்கள் கடிதம் இல்லை. மாதம் தவறியது இதுதான் முதல் தடவை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஹெர்ஷலையாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

டெல்லா எட்டாவது கேசட்டுக்கு வந்துவிட்டாள். மீன் அனுப்பியிருக்கிறேன்.

நோரீன்


சலைனா
27 பிப்ரவரி 1997

அன்புள்ள நோரீன்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏழு தடவை எழுதி ஏழு தடவை கிழித்தேன்.

அந்தப் புத்தகத்தை அவனுக்கு அனுப்பியதே நான்தான். மூன்று வாரம் கழித்து ஃபோன் செய்தான். "அக்கா, எல்லாம் முடிச்சாச்சு, சும்மா ஒரு கையெழுத்து, தேர்வுக்கு ஆங்கரேஜ் போற விமானம் நாளைக்கு" என்றான். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வகுப்பில் யாரையும் அப்படி விட்டதில்லை. என்னை எல்லாரும் முசுடு என்பார்கள். தம்பி என்று விட்டேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எதையும் மறுத்ததில்லை. காகிதத்தைத் தொலைநகலில் அனுப்பினேன்.

தொண்ணூற்றைந்து வாங்கினான். அதற்குப் பிறகு பறந்து பழகவே இல்லை, தகுதி வாங்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் அந்தத் தேர்வு காலாவதியானது. ஆனால் அவன் மனதில் அது காலாவதியாகவில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்தான். அப்படி நினைக்க எழுத்து மூலமாக அனுமதி கொடுத்தவள் நான். தெரியாது என்று தெரிந்தவன் மேகத்தைக் கண்டால் திரும்புவான், நோரீன்.

நீ எனக்கு மீன் அனுப்பிக்கொண்டே இருக்கிறாய். ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருப்பேன். மாதாமாதம் எழுதினேனே, அது பாசம் மட்டும் இல்லை. இப்போது உனக்குத் தெரியட்டும்.

வெர்னா


ஓட்டர் பெண்ட்
16 மார்ச் 1997

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சரக்குக் கொட்டகையில் நின்றபடியே படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். எழுதியதற்கு நன்றி. எட்டாவதைக் கிழிக்காததற்கும்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். இங்கே விமானத்துக்கு ஆள் நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். சரக்கு இறக்குவது, ஏற்றுவது, வானிலை சொல்வது எல்லாம். வானிலை என்றால் கருவி ஒன்றும் இல்லை. வருகிறவர் ரேடியோவில் கேட்பார், மலை தெரிகிறதா என்று. நான் ஜன்னலில் பார்த்துச் சொல்வேன்.

விமானம் மலையில் மோதிய அன்றைக்கு ஆர்லோ கேட்டார். "அடிவாரம் தெரியுது" என்றேன். அது உண்மை. உச்சி தெரியவில்லை என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் பெத்தலுக்குத் திரும்பிப் போய்விடுவார். மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை, அன்றைக்கு எங்கள் கல்யாண நாள். இதை விசாரணைக்கு வந்தவர்களிடமும் சொல்லவில்லை, டெல்லாவிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நீங்கள் மறுக்காமல் ஒன்று செய்தீர்கள். நான் பாதி சொன்னேன். ஆனால் விமானத்தை ஓட்டியவர் அவர், வெளியே பார்த்தவரும் அவர். மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். நான் தனியாகச் சுமந்ததைவிட இது எனக்கு லேசாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதங்கள் பாசத்தால் வந்தனவோ வேறு எதனால் வந்தனவோ, வந்தன. போன குளிர்காலம் முழுக்க அவற்றை வைத்துத்தான் நான் எழுந்து நடமாடினேன். அதற்கு உங்களுக்கு நான் நன்றி சொல்வதை யாரும் தடுக்க முடியாது, நீங்களும்.

டெல்லா கேசட் எல்லாம் முடித்துவிட்டாள். பெத்தலில் இருக்கிற ஆசிரியர் ஒருவர் நோட்டைக்கூடப் பிரிக்காமல் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். எனக்கு அது வேண்டாம். நீங்கள் கேள்வி கேளுங்கள். வகுப்பில் மற்றவர்களைக் கேட்ட மாதிரி கேளுங்கள். முசுடாகவே இருங்கள். தயார் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் போடுங்கள்.

அன்புடன்,
நோரீன்


சலைனா
13 ஏப்ரல் 1997

அன்புள்ள நோரீன்,

சுகம். கோதுமை முழங்கால் உயரம். நீ சொன்ன மலையைப் பற்றி நான் என்ன எழுதுவது? என்னிடம் சொன்னாயே, அதற்கு நன்றி. அது என்னோடு இருக்கும்.

மூன்று சனிக்கிழமை மதியம் டெல்லாவோடு ஃபோனில் உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கு முன்னாலேயே 1987-இல் நான் செய்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி அத்தை, கேளுங்க" என்றாள். அவ்வளவுதான்.

கெட்டிக்காரி. கேசட் நன்றாக வேலை செய்திருக்கிறது. நீ இன்னும் நன்றாக வேலை செய்திருக்கிறாய். உடம்பு திரும்புகிறேன் என்கிறது, கருவி நேராகப் போகிறாய் என்கிறது, எதை நம்புவாய் என்றேன். நொடியில் சொன்னாள், ஏன் என்றும் சொன்னாள். உப்புப் புட்டியை வைத்து விளக்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை, மலைக்கு மேலே போகும் ஒரு வழியின் குறைந்தபட்ச உயரம் கேட்டேன். சரியான எண். அந்த உயரத்தில் பனி பிடித்து விமானம் இறங்க ஆரம்பித்தால் உனக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த எண்ணை எதை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள் என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. ஆனால் தெரியாது என்று அவள் சொல்லவில்லை. சமாளித்தாள். நன்றாகவே சமாளித்தாள். சிரிப்போடு, வேகமாக. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது ஆர்லோவின் குரல்.

நான் கையெழுத்துப் போடவில்லை, நோரீன். இந்தப் பழக்கம் இரண்டு வாரத்தில் மாறாது. மே முதல் தேதி போய்விடும், அந்த வேலையும் போய்விடும் என்று தெரியும். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். இருந்தாலும் போடவில்லை. அவள் பெத்தல்காரரிடம் போனால் என்னால் தடுக்க முடியாது.

என்மேல் வருத்தம் இருந்தால் எழுது.

வெர்னா


ஓட்டர் பெண்ட்
11 மே 1997

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

சுகம். ஆற்றில் பனி உடைந்து ஒரு வாரம் ஆகிறது. அதோடு யாருடைய படகுத்துறையோ ஒன்றும் மிதந்து போயிற்று.

வேலை போய்விட்டது. ஆரிகனிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டெல்லா கதவைச் சாத்திய சாத்தில் என் தட்டு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. ஒரு வாரம் அவள் உங்களைப் பேசிய பேச்சையெல்லாம் இங்கே எழுதவில்லை. தேதி முடிவதற்கு முன்னால் ஒரு நாள் பெத்தல்காரரைக் கூப்பிட ஃபோனைக் கையில் எடுத்தாள். நான் தடுக்கவில்லை. நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பாவை அத்தை இப்படிக் கேட்டிருந்தா, அப்பா புத்தகத்தைத் தூக்கி ஆத்துல வீசியிருப்பாரும்மா."

"வீசியிருக்கட்டுமே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது அவளிடம் அந்த மலையையும் சொல்லிவிட்டேன், அடிவாரம், உச்சி, கல்யாண நாள் எல்லாம். அவள் என் கையை விடவில்லை.

நேற்று சனிக்கிழமை நீங்கள் மறுபடி கூப்பிட்டீர்கள். அவள் உங்களிடம் பேசும்போது நான் அடுப்பருகே ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன், சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கூரையைப் பார்த்தாள். "தெரியாது அத்தை" என்றாள். "படிச்சுட்டு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்" என்றாள்.

இருபத்தாறு வருஷமாக நான் இந்த வீட்டில் இருக்கிறேன். அவள் அப்பா அந்த ஒரு சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. இவளும் அவர் பெண்தான், இவள் சொல்லியும் கேட்டதில்லை. நேற்றுதான் முதல் தடவை. ரொட்டி கருகியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் வேறு கம்பெனியில் ஆள் எடுப்பார்களாம். அதற்குள் நீங்கள் போடுவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் பாடு, அவள் பாடு. கையெழுத்துப் போட்டவர்களுக்கு எல்லாரும் நன்றி சொல்வார்கள். நான் போடாததற்குச் சொல்கிறேன். என் பெண் இன்று வீட்டில் இருக்கிறாள், மேஜையில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு எனக்குத் தெரியாததை எல்லாம் என்னிடம் விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஹெர்ஷலைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு இந்த வெயில் இதமாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி வீட்டுக்காரி,
நோரீன்